ஒரே அகலம்

இரவு ஒன்றே முக்கால்.
நாரஹேன்பிட்டியில் மூன்றாம் மாடி.
ஏசிக்கு என்னோடு ஏதோ கோபம்.
கறுப்புத் திரையில் பெயர்கள் ஓடுகின்றன:
காலை ஆறுக்கு முன்
இரத்தப் பரிசோதனை முடிவு போய்ச்சேர வேண்டிய
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

பெயர்கள் என்றா சொன்னேன்?
பெட்டிகள்.
பெட்டி, பெட்டி, பெட்டி,
ஒரு காற்புள்ளி, ஒரு தொலைபேசி எண்,
மறுபடி பெட்டி.
புறக்கோட்டையில் கடை பூட்டியபின்
நடைபாதையில் அடுக்கிவிட்டுப் போன
வெறும் மட்டைப்பெட்டிகள் மாதிரி.

எண் தெளிவாகத் தெரிகிறது.
சீனி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு
எல்லாம் தெளிவு.
ஆள்தான் இல்லை.

"இது உங்கட ஆக்களா, எங்கட ஆக்களா?"
தேத்தண்ணிக் கோப்பையோடு ருவினி குனிந்து பார்த்தாள்.
பெட்டியைப் பார்த்து எப்படிச் சொல்வது?
"பதினாறும் பதினேழும் ஒரு வீட்டாக்கள்" என்றேன்,
"ஒரே நம்பர் குடுத்திருக்கினம்."

முதலாவது எழுத்துரு.
பெட்டிகள் உடைந்து உள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள்,
அரைகுறையாக.
கோசலாதேவி
வெறும் க-வாக வந்து நின்றார்.
பக்கத்தில்
புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தை
இந்தப் பக்கம் கொம்பும் அந்தப் பக்கம் காலும்
காவிக்கொண்டு நின்றன,
ஆளில்லாத பல்லக்கை.

இரண்டாவது எழுத்துரு.
எல்லாம் ஒட்டிக்கொண்டது, அளவுக்கு மிஞ்சி.
இந்தத் திரைக்கு ஒரே ஒரு சட்டம்:
எவருக்கும் ஒரே அகலம்.
ஆங்கில எழுத்துகள் வாய்திறக்காமல் அடங்கி இருக்கின்றன.
ர-வுக்குக் காற்றோட்டமான இடம்.
ஞானசௌந்தரத்தின் சௌ
நூறாம் நம்பர் பஸ்ஸில்
இருவர் சீட்டில் மூன்றாவதாய் இருந்து
ந்-இன் மடியில் ஏறிவிட்டது.

பதினொன்றிலிருந்து பதினாலுக்குப் பெருப்பித்தேன்.
தடிப்பாக்கினேன்: புள்ளிகள் தலைக்குள் புதைந்தன.
சாய்த்தேன்: கடலோர ரயிலின் வாசலில்
தொங்கிக்கொண்டு போகிறவர்கள் போல
முழுப் பட்டியலும் ஒருபக்கம்.
நிமிர்த்திவிட்டேன்.
பச்சையை மாற்றி மஞ்சளாக்கினேன்.
சிவப்பும் இருந்தது. வேண்டாம்.
பெயர்ப்பட்டியல் ஒன்றைச் சிவப்பில் பார்க்க
எனக்கு விருப்பமில்லை.
ஏனென்று ருவினி கேட்கவில்லை.
தேத்தண்ணியை ஊதினாள்.

மூன்றாவது சரி.
சரியென்றால், பார்த்தவுடன் வாசிக்கலாம்.
மெஹ்ருன்னிஷா, அருட்செல்வம்,
பதினாறு லோகதயாளன், பதினேழு லோகதயாளன் சுபத்திரை
(சீனி இரண்டு பேருக்கும் கூட).
ஆனால் பாதிப் பெட்டிகள் திறக்கவேயில்லை.
"அப்ப அதுதான் எங்கட ஆக்கள்" என்றாள் ருவினி.

அமைப்புக் கோப்பில் அதற்கும் ஒரு வரி உண்டு.
எழுத்துருக்களின் பெயரைக் காற்புள்ளி இட்டு
வரிசையாகச் சொல்ல வேண்டும்.
முதலாவதில் எழுத்து இல்லையென்றால்
இயந்திரம் இரண்டாவதிடம் போகும்,
அங்கும் இல்லையென்றால் மூன்றாவதிடம்.
முதலில் ஆங்கிலம். அதில் பேச்சில்லை,
அது இல்லாமல் கட்டளையே போடேலாது.
அடுத்தது?

என் விரல் கொஞ்சம் நின்றது.
இந்த ஊரில் ஒரு பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்கும்
இந்த இடத்தில் தூரிகை நிற்குமோ தெரியாது.
"உன்ர மெஷின்தானே, உன்னுடையதைப் போடு" என்றாள்.
போட்டேன். காற்புள்ளி. பிறகு அவளுடையது.
எழும்பிப் போய் அவளின் திரையை எட்டிப் பார்த்தேன்.
அங்கே நான் மூன்றாவது.
எல்லாப் பெயரும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருந்தது.
இருந்தாலும் பார்த்தேன்.

நாலே காலுக்குப் பட்டியல் முழுக்க ஓடி முடிந்தது.
ஒரு பிழை திருத்த
கோசலாதேவியில் பின்னழிப்பை ஒருதரம் கூடத் தட்டிவிட்டேன்.
கோ, க ஆனது.
உடனே திருப்பிக் கொடுத்தேன்.

ஒரேயொரு பெட்டி மிச்சம்,
முந்நூற்று நாலாம் வரியில்,
தில்ருக்ஷி என்ற பெயருக்குப் பின்னால்.
அது எழுத்தில்லை என்றாள் ருவினி.
போனில் பதிந்தபோது ஒரு பூ போட்டிருக்கிறாள் போல.
பூவுக்கும் எழுத்துரு இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

நேரமில்லை.
பெட்டியோடேயே அனுப்பினோம்.