முதல் தண்ணீர்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு
நான்காம் மாடியிலிருந்து
ஒரு கிண்ணித் தண்ணீரை ஏந்திக்கொண்டு இறங்குகிறேன்.
அறுபத்து நான்கு படிகள்.
லிஃப்ட் செத்தது போன பெரிய வெள்ளியன்று.
இன்னும் உயிர்க்கவில்லை.

பூசைத் துணிகளை அலசிய முதல் தண்ணீர்
சாக்கடைக்குப் போகக் கூடாது.
கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அதில் இருக்கலாம்.
துகளிலும் நீ முழுசாக இருப்பாய் என்பது
புதுநன்மைக்கு நான் மனப்பாடம் செய்த பதில்.
ஆகவே மண்ணுக்குத்தான் ஊற்ற வேண்டும்.
கதோவித்ஸேயின் இந்தக் கான்கிரீட் அடுக்குகளில்
எனக்குக் கிடைத்த மண்
குப்பைத் தொட்டிக்கும் கார்களுக்கும் நடுவே
அந்த லைலாக் செடியின் காலடி மட்டும்.

மூன்றாம் மாடி வால்தெமார் கதவைத் திறப்பான்.
"மழை பெய்கிறது, யத்விகா அம்மா.
மழையில் யாராவது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்களா?"
"உன் வேலையைப் பார்" என்பேன்.
உன்னைக் கையில் ஏந்திக்கொண்டே
அப்படித்தான் பேசுகிறேன். மன்னி.

இரண்டாம் தண்ணீர் சாதாரணம்.
சோப்பு, வெந்நீர், பிறகு அதே வாளியில்
ஸெனோனின் துணிகள்.
வலப்பக்கம் விழுந்துபோன மனிதர்.
பீட்ரூட் சூப்பில் பாதி உள்ளே போகும்,
பாதி தாடையில் வழியும்.
எங்கள் கல்யாணத்தன்று விரித்த லினன் விரிப்பைக் கிழித்து
உன் கிண்ணம் துடைக்கப் பாதி,
அவர் வாய் துடைக்கப் பாதி.
உன் பங்கின் நடுவில் சிவப்பு நூலில் சின்னச் சிலுவை.
வித்தியாசம் அது ஒன்றுதான்.

நவம்பரில், கல்லறைத் திருநாள் கழிந்த ஞாயிறு,
விடியாத இருட்டில்
ஹீட்டர்மேல் காய்ந்த இரண்டு அடுக்கில்
எதை எடுத்தேனோ.

மூன்றாம் வரிசையில் நான்.
பாதர் பொகுமில் கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தார்,
துணியை விரித்தார்.
உள்ளங்கை அகலத்தில், வெளிறிய சிவப்பில்,
என் வீட்டுச் சூப்.

எனக்கு மூச்சு நின்றது.
அவரும் ஒரு நொடி நின்றார்.
பிறகு அந்தக் கறையாலேயே
கிண்ணத்தின் விளிம்பை
மெதுவாக ஒரு சுற்று துடைத்தார்,
வலிக்கும் வாயைத் துடைப்பதுபோல.

பூசை முடிந்ததும் என்னிடம் நீட்டினார்.
"திராட்சை ரசமா?"
"பீட்ரூட், பாதர்."
"போகுமா?"
"ஆறு வருஷமாகப் போகவில்லை."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
மடித்து என் பைக்குள் வைத்தார்,
மற்றவற்றோடு, மற்றவற்றைப் போலவே.

வீடு திரும்பினால்
ஸெனோன் மடியில் உன் துணி.
முப்பது வருஷமாகக் கோவில் வாசல் மிதிக்காதவர்.
ஏன் என்று சொன்னதில்லை, இனிச் சொல்லவும் முடியாது.
சுரங்கக் கரி இன்னும் நகக்கண்ணில் விடாத
இடக்கைக் கட்டைவிரல்
சிலுவையின்மேல் போவதும் வருவதுமாக.
நூல் முடிச்சு உறுத்தியிருக்கும், அவ்வளவுதான்.
நான் ஒன்றும் கதை கட்டவில்லை.
ஆனால் பிடுங்கவும் இல்லை.
அதிலேயே வாய் துடைத்து மதியச் சூப் கொடுத்தேன்.

மாலையில் அலசும்போது கை தயங்கியது.
இதில் எது முதல் தண்ணீர்?
சட்டம் படித்தவர்களிடம் பதில் இருக்கும்.
என்னிடம் வாளிதான் இருந்தது.
அப்படியே தூக்கிக்கொண்டேன்.

"இன்றைக்கு வாளியா?" என்றான் வால்தெமார்.
"ஒரு பக்கம் பிடி."
பிடித்தான்.
வீட்டுச் செருப்போடு, முணுமுணுத்துக்கொண்டே,
எதைச் சுமக்கிறோம் என்று கேட்காமலே
மூன்று மாடி இறங்கினான்.

லைலாக் ஓர் இலைகூட இல்லாமல் குச்சியாக நின்றது.
ஊற்றினோம்.
மண் குடித்தது போக
எங்கள் செருப்பெல்லாம் இளஞ்சிவப்பு.