மூன்றாம் சரணம்

கிரிம்ஸ்பி மீன்துறையில்
காட் மீனைத் துண்டுபோடும் கத்தி
ஒருநாள் அவள் இடக்கைச் சுண்டுவிரலையும்
மீனென்று நினைத்தது.
மேவிஸ் தர்ல்பிக்கு அப்போது பதினேழு.
நஷ்டஈடு பதினொரு பவுன்.
அதில் ஒரு பழைய கிடார் வாங்கினாள்.
பாக்கியில் அக்காவுக்கு ஒரு தொப்பி.

எட்டாத சுரங்களை எட்ட
பிருடைகளைத் தளர்த்தி
தன் இஷ்டத்துக்குச் சுருதி வைத்தாள்.
இன்று அதைத் தர்ல்பி சுருதி என்று
பாடம் நடத்துகிறார்கள்.
ஓஸ்லோவில் ஒரு பையனைப் பார்த்தேன்,
நன்றாயிருக்கும் விரலை
உள்ளங்கையில் மடித்து ஒளித்துக்கொண்டு
வாசிக்கிறான்.

நான் டிரம்ஸ்.
கிளைவ் ஆட்டவே. இசைத்தட்டின் பின்னட்டையில்
பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும்.
ஏழு வருஷம் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததில்
முகத்தைவிட முதுகே எனக்குப் பரிச்சயம்.
தனக்கே நம்பிக்கையில்லாத வரியைப் பாடும்போது
அவள் இடது தோள் ஒரு நூல் உயரும்.

நாட்டுப்பாடல் சங்கத்தில்
முதன்முதலாக நான் குச்சியை ஓங்கியபோது
தாடிக்காரர் ஒருவர் எழுந்து
"இதென்ன கசாப்புக்கடையா?" என்றார்.
"இல்லை, மீன்கடை" என்றாள் மேவிஸ்.
அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் வந்தது வில்ஃப்ரெட் பாட்டு.
மதுக்கடையில் யாரோ சொன்ன கதை:
வடகடல், நள்ளிரவுப் புயல்,
சுக்கானோடு தன்னைக் கட்டிக்கொண்டு
பாடிக்கொண்டே மூழ்கிய துணை மாலுமி.
மூன்றாம் சரணத்தில்தான் புயல்.
அங்கே நான் இடியாய் இடிப்பேன்.
லாரிக்காரர்கள் பாடினார்கள், பள்ளிக்கூடங்கள் பாடின,
என் பல் வைத்தியர்
என் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே பாடினார்.
ஒவ்வொரு இரவும்
அந்த இடத்தில் அந்தத் தோள்.

ஃப்ளீட்வுட்டில் கச்சேரி முடிந்து
மழைக்கோட்டைக் கழற்றாமல் ஒரு பெண் உள்ளே வந்தாள்.
ஐவி லெதர்பாரோ. வில்ஃப்ரெடின் மனைவி.
கோபமில்லை, அழுகையில்லை,
தப்பாக வந்த மின்கட்டண ரசீதைத்
திருத்தச் சொல்பவள்போல் சொன்னாள்:
"அன்று புயலே இல்லை.
குடித்த தேநீரின் சக்கையைக் கொட்டப் போனார்.
கோப்பை மட்டும் மேல்தளத்தில் இருந்தது.
அப்புறம்,
அவருக்குப் பாடவே வராது."

மேவிஸ் சிகரெட் பெட்டியின் உள்பக்கம் எழுதினாள்.
மறுநாள் பிரெஸ்டனில்
மூன்றாம் சரணத்தில் அலையில்லாத கடல்,
ஒரு கோப்பை.
கூட்டம் அவளை அமுக்கிக்கொண்டு
புயலைப் பாடியது.
எனக்கங்கே வேலையில்லை,
குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டேன்.
"ஆட்டவேயின் துணிச்சலான மௌனம்"
என்று எழுதினார் ஒரு விமர்சகர்.

புதிதாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டாள்.
கம்பெனி சிரித்தது: கோப்பையை யார் வாங்குவார்?
அதற்குள் வேறு ஊர்களிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள்,
கப்பல் சமையற்காரர், ஒரு மச்சான்,
கோப்பையைக் கண்டெடுத்ததாகச் சொன்ன இரண்டு பேர்.
அவளும் மாற்றினாள், மாற்றினாள்,
பதினான்கு மூன்றாம் சரணங்கள்.
டிக்கெட்டுகள் குறைந்தன.
லீட்ஸில், வேனுக்குள்,
"ஜனங்கள் புயலுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்" என்றேன்.
முன் இருக்கையில் இருந்தாள், திரும்பவில்லை.
"அப்படியானால் நீயே அவர்களுக்குக் கொடு" என்றாள்.
அந்த வாரமே விலகினேன்.
கல்யாண வீடுகளில் பதினெட்டு வருஷம்
புயல் வாசித்தேன்.

போன மாதம், கிளீதோர்ப்ஸ்.
தேவாலயம் கொள்ளாத கூட்டம்,
கிடார் வடிவத்தில் மலர்வளையம்,
அதில் ஆறு கம்பிகளுக்குப் பதில் ஐந்து.
எல்லோரும் எழுந்து நின்று வில்ஃப்ரெட் பாட்டைப் பாடினார்கள்.
முதல் சரணம் பாடினேன்.
இரண்டாவதும்.
மூன்றாவதில் புயல் கிளம்பியபோது
உட்கார்ந்து
கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

வரி மறந்துவிட்டது போலும் என்று
பக்கத்திலிருந்த பெண்
அச்சடித்த தாளை என் பக்கம் நீட்டி
எந்த இடம் என்று
விரலால் காட்டினாள்.