இரண்டாவது ஒன்றரை மணி

எங்கள் தீவில் கடிகாரத்தை அரைமணிதான் நகர்த்துவோம்.
சிட்னியில் ஒரு மணி. நகர்த்துகிற ஊரெல்லாம் ஒரு மணி.
நடுக்கடலில் நானூறு பேர் மட்டும்
இரண்டுங்கெட்டானாய் முப்பது நிமிடம்.
ஏனென்று கேட்டால் லீத் தோளைக் குலுக்குவான்:
"இருக்கிற இடத்துக்கு இது போதாதா?"

ஏப்ரல் முதல் ஞாயிறு,
இரவு இரண்டு ஆகப்போகிற நேரத்தில்
மறுபடி ஒன்றரை ஆகும்.
தூங்குகிறவர்களுக்கு ஒருமுறை புரண்டு படுப்பது.

மணலுக்குள் நாங்கள் புதைத்த பதினேழு பெட்டிகள் தூங்குவதில்லை.
ஒவ்வொன்றிலும் மட்டன்பேர்டு என்று நாங்கள் சொல்லும்
கடற்பறவையின் ஒற்றைக் குஞ்சு.
அடியில் தராசு.
வாசலில் தாய் தகப்பன் கால்வளையத்தைப் படிக்கும் கம்பிச்சுருள்.
நிமிடத்துக்கு ஒரு வரி.
பெட்டி, மடிக்கணினி சொன்ன நேரத்தை நம்பும்.
மடிக்கணினி, அரசாங்கம் சொன்னதை நம்பும்.
குஞ்சுக்குப் பசிக்கும், அவ்வளவுதான்.

போன வருடம் கணக்கு உதைத்தது.
ஐந்தாம் பெட்டியின் ஆண்பறவை
கிளம்புவதற்குப் பதினோரு நிமிடம் முன்பே திரும்பியிருந்தது.
ஹோபார்ட்டிலிருந்து முனைவர் ரோவீனா எழுதினார்:
"அழகான பறவை. வரியை நீக்கிவிடவும்."

அதனால் இந்த வருடம்
பென்சிலும் பதிவேடும் சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சுமாக
பனைக்காட்டு ஓரம் உட்கார்ந்திருந்தேன்.
மீன் எண்ணெயும் பழைய கம்பளியும் கலந்த அவற்றின் வாடை.
வானத்திலிருந்து அவை இறங்குவதில்லை, விழுகின்றன.
ஒன்று என் முதுகில் மோதி,
மன்னிப்புக் கேட்காமல் நடந்து போனது.

1:36. ஒன்பதாம் பெட்டிக்குள் நுழைந்தது பெண்.
உள்ளே விசில் போல் ஒரு கெஞ்சல், பிறகு மௌனம்,
பிறகு விழுங்கும் சத்தம்.
1:58. வெளியே வந்து, காற்றைத் தேடி மேட்டில் ஏறி, போய்விட்டது.
எழுதினேன்.
இரண்டு நிமிடம் கழித்து என் பதிவேட்டில் ஒரு கோடு கிழித்தேன்.
கோட்டுக்குக் கீழே மறுபடி 1:30.

அந்த இரண்டாவது அரைமணியில் எதுவுமே நடக்கவில்லை.
சிறு மழை. கால் மரத்தது.
ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது.

திங்கட்கிழமை, ரொட்டி கொண்டுவரும் விமானத்தில் சரக்கிறக்கிவிட்டு
அட்டவணையைத் திறந்தேன்.
ஒரு நிமிடத்துக்கு ஒரு வரிதான் அதில் இடம்.
பின்னால் வந்த 1:36
முன்னால் வந்த 1:36 மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.
எதுவும் நடக்காத அரைமணி
எல்லாம் நடந்த அரைமணியைத் தின்றிருந்தது.

ஒன்பதாம் பெட்டிக்கு யாரும் வரவில்லை.
யாரும் போகவில்லை.
1:29க்கு 612 கிராம்.
1:30க்கு 704.

ரோவீனா எழுதினார்: "தராசுக் கோளாறா?"
பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.
மழைத்துளியில் பென்சில் கொஞ்சம் கரைந்திருந்தது.
இரண்டு நாள் பதில் இல்லை.
பிறகு ஒரே வரி:
"அந்தத் தொண்ணூற்றிரண்டு கிராம் இருக்கட்டும்."

பெட்டிகளையெல்லாம் தோண்டியெடுத்து
குளிர்கால நேரத்திலேயே பூட்டினோம்,
இனி அக்டோபர் வந்தாலும் அவை நகராது.
மூடியில் லீத் தார்ப்பெயின்ட்டால் எழுதினான்:
இதற்குக் கோடைநேரம் தெரியாது. சொல்லித்தராதே.

மே மாதம் ஒன்பதாம் பெட்டி காலி.
கடைசி வரி 4:12, எந்த வீட்டுக் கடிகாரத்தோடு ஒப்பிட்டாலும் 4:12.
எங்கள் சமையலறை அடுப்பைத் தவிர.
அதை மாற்றும் பொத்தான் எதுவென்று
இதுவரை யாருக்கும் தெரியவில்லை.