லாரி முடிச்சு

கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி இடப்புறம்
சென்றாயன் ட்ரேடர்ஸ்:
தார்ப்பாய், கயிறு, நைலான் பட்டை.
பெங்களூர் வண்டி ஒன்று
தலையில் இரண்டு பலகைகளோடு வந்து நின்றது.
ஒன்று மஞ்சள். ஒன்று வெள்ளை, ஓரம் உடைந்தது.

"கட்டில் பலகையா?" என்றேன்.
தேஜஸ்வினி என்று பிறகு பெயர் சொன்ன பெண்
கையை வளைத்து அலை காட்டினாள்.
கோவளம், புதுச்சேரி, தரங்கம்பாடி, மணப்பாடு,
கடலை ஒட்டியே பத்து நாள்.
கொண்டுவந்த பட்டை
ஓசூருக்குள்ளேயே அறுந்துவிட்டதாம்.

கருங்கல் பாளத்துக்குப் போடுவதையே போட்டேன்.
இருபது டன்னுக்கு நெகிழாதது
காற்றுக்கா நெகிழும்?
நூற்றிருபது ரூபாய். ஜிபே.

அன்றிரவு கே.ஆர்.பி. டேம் பக்கம் போனேன்.
ஷட்டர் மூடியிருந்தது.
துடைத்துவிட்ட தரை மாதிரி தண்ணீர்.
கல்லெடுத்து எறிந்தேன்.
வந்த அலையில்
ஒரு தவளைகூட ஏறி நிற்காது.

பதினோராம் நாள் அதே வண்டி.
தோல் உரிந்த முகங்கள், மூக்கில் வெள்ளைக் களிம்பு,
மிதியடியெல்லாம் மணல்.
"அண்ணா, இதை அவிழ்க்கவே முடியல.
ஒவ்வொரு பீச்சிலும்
பலகையை உருவி உருவி எடுத்து
திரும்பச் செருகினோம்."

வால் நுனியைப் பிடித்து ஒரே இழு.
மொத்தமும் கையோடு வந்தது.
முறைத்தாள். அப்புறம்
டோல்கேட் வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி
சிரித்தாள்.

கயிற்றை என்னிடமே விட்டுப் போனார்கள்.
வெளுத்திருந்தது.
இங்கே எதுவும் வெளுக்கும், கிரானைட் தூசு.
அதனால்தான்
வண்டி மறைந்த பிறகு
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.