குமிழி

பதினோராவது வாய்தாவையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.
'எதிர்மனுதாரர் கால அவகாசம் கோரினார்.
வழங்கப்பட்டது.'
மன்னார்குடி கோர்ட்டில் பத்தொன்பது வருஷம்.
இந்த இரண்டு வரியை என் விரல்கள்
தூக்கத்திலும் அடிக்கும்.

மனுதாரர் உத்திராபதி.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கருகே சைக்கிள் கடை.
நாலு மா நிலம். அதன் வயிற்றில்,
அவரைக் கேட்காமல் போட்ட எண்ணெய்க் குழாய்.

"என்ன படித்திருக்கிறீர்?"
என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
"பங்சருங்க."

சிரித்தார்கள். டவாலிகூடச் சிரித்தார்.
அவர் மட்டும் சிரிக்கவில்லை.
"ட்யூபத் தண்ணியில முக்குனா
ஓட்டை எங்கன்னு அதுவே சொல்லிரும்யா.
நடவுக்கு முன்னாடி வயல்ல தண்ணி கட்டுனேன்.
ஒரே வரிசையாக் கொப்புளிக்குது.
குழாய் போற வரிசை.
கொப்புளத்துக்கு ஒரு குச்சி நட்டு வச்சிருக்கேன்,
பதினேழு.
வந்து எண்ணிப் பாருங்க."

நிபுணர் குழு வந்தது. எண்ணவில்லை.
வரப்பு சேறு, பூட்ஸ் புதுசு.
மேட்டு வாய்க்காலில் ஒரு பாட்டில் மொண்டுகொண்டு
இளநீர் குடித்துவிட்டுப் போனது.
அறிக்கை நாற்பது பக்கம்:
'சதுப்பில் இயற்கையாக எழும் வாயு.
நீர், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்.'
எந்த வாய்க்கால் என்று அதில் இல்லை.
நாற்று என்ன நிறத்தில் செத்தது என்று இல்லை.
'இயற்கையாக' மட்டும் இருபத்தாறு முறை.
எண்ணினேன்.
வேறென்ன எண்ணத் தெரியும் எனக்கு?

திருவாரூர் ஆய்வகத்திலிருந்து
ஜெசிந்தா என்ற பெண் சாட்சிக்கு வந்தாள்.
"எனக்கு வந்தது இரண்டு பாட்டில்.
ஒன்று, சீல் வைத்தது.
இன்னொன்று சர்பத் பாட்டில்,
வாயில் சைக்கிள் ட்யூப் ரப்பர் இறுக்கிக் கட்டியது.
இரண்டையும் சோதித்தேன்.
இரண்டாவதில் எண்ணெய் இருந்தது.
அளவைக் குறித்து மேலே அனுப்பினேன்.
கீழே வந்தபோது எண்ணெயும் இல்லை, எண்ணும் இல்லை."

சீல் இல்லாதது சாட்சியம் ஆகாதாம்.
"அந்தக் கட்டு காத்தக்கூட விடாதுங்க"
உத்திராபதி எழுந்தார்.
உட்காரச் சொன்னார்கள்.

மறுவாரம் அவளுக்கு ராமநாதபுரம் மாறுதல்.
தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது என்று
பேச்சுக்குச் சொல்வோம்.
தண்ணீரைச் சோதிப்பவளுக்கு
அதை இத்தனை துல்லியமாக நிறைவேற்றிய உத்தரவை
நான் கண்டதில்லை.

இனி என் பங்கு.
'பங்சர்' என்று அவர் சொன்ன இடத்தில்
'கல்வித் தகுதி: இல்லை' என்று அடித்தேன்.
மேலிடம் சொல்லி அடித்தேன் என்று
எழுதிவிடலாம்.
யாரும் சொல்லவில்லை.
கை தானாகப் போயிற்று.
தாளை நூலில் கோத்தாகிவிட்டது.

ஆனிக் கடைசியில் மேட்டூர்த் தண்ணீர் வந்தது.
ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் துவரம்பருப்பு வாங்க என்று சொல்லிவிட்டு
பஸ் ஏறினேன்.
வயலில் கணுக்கால் அளவு தண்ணீர்.
குச்சிகள் பாதி சாய்ந்து கிடந்தன.
ஜெசிந்தா இரவெல்லாம் பயணம் செய்து வந்திருந்தாள்,
பையில் அரக்கும் மெழுகுவத்தியும்
கழுவிக் காயவைத்த பாட்டில்களும்.

உத்திராபதி வரப்பில் குந்தியிருந்தார்.
காதில் அந்தக் காப்பியிங் பென்சில்,
ட்யூபில் ஓட்டையைச் சுழித்து வைக்கிற அதே பென்சில்.
எடுத்து என்னிடம் நீட்டினார்.

கலங்கல் தெளியட்டும் என்று இருந்தோம்.
ஒரு நாரை வந்து நின்று, பிடிக்காமல் போயிற்று.

பிறகு, ஒன்று.
ஒரு சாண் தள்ளி இன்னொன்று.
"எழுதிக்கங்கம்மா."
எழுதினேன். எச்சில் தொட்டு, ஊதா நாக்கோடு,
வாழ்க்கையில் முதல்முறையாக
யாரும் சொல்லித்தராத வாசகம்.
பதினேழில் கோடு போட்டுக் கூட்டப் பார்த்தேன்.

"நிக்கலியே" என்றார்.