இடப்பக்கச் சன்னல்

ஓட்டுநர் இல்லாத வண்டியில்
ஓட்டுநர் இடம் எனக்கு.
ஏழு வயதுப் பையனை முந்திக்கொண்டு பிடித்தது.
வெட்கமில்லை. எனக்கு நாற்பத்தாறு.

தண்டவாளம் என்று சொல்லாதீர்கள்.
ரப்பர் சக்கரம், கான்கிரீட் பாதை,
நடுவே ஒற்றை இரும்பு முதுகெலும்பு.
வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால்
சுபாஷிணி ரேடியோவைக் கூட்டிவிடுவாள்.

பெட்டிர் என்றால் இடி.
இன்று நல்ல வெயில்.
ஃபஜார் வைகறை, செஞ்சா அந்தி,
இடையில் இரண்டே நிலையம்.
ஒரு பகல் முழுக்க
உட்கார்ந்தபடியே போய்விடும்.

புளோக்குகள் நெருங்கும் இடத்தில்
கண்ணாடி தானே பால்வெள்ளையாகும்,
அடுத்தவர் வீட்டை நாம் பார்க்காதிருக்க.
எந்தத் தூணில் வெளுக்கும்,
எந்தத் தூணில் தெளியும்,
நோட்டில் இருக்கிறது.

இன்று என் இடப்பக்கச் சன்னல் பழுது.
மற்றதெல்லாம் வெளுக்க
அது மட்டும் விழித்திருந்தது.

நான்காம் மாடி, சமையலறை.
மேலே சட்டை, டை. கீழே கைலி.
ஒருவர் குளிர்சாதனப் பெட்டியின் முன் நின்று
கைகளை விரித்து
அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.
சரியாக வரவில்லை போல,
தலையை உலுக்கிவிட்டு
முதலிலிருந்து தொடங்கினார்.

வண்டி எண் எழுதினேன். நேரம் எழுதினேன்.
‘சன்னல் பழுது’ என்றெழுதிக் கோடிட்டேன்.
அவர் இந்தப் பக்கம் திரும்பப் பார்த்தார்.

கண்ணை மூடிக்கொண்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று...
பாதையின் இணைப்புகள்
அடியில் தட்டத் தட்ட எண்ணி,
பதினொன்றாவது தூணில்
திறந்தேன்.