வால்பரைசோவில் ஒரு பகல்

ஐந்தரைக்குள் திரும்பிவிடச் சொல்லியிருந்தார்கள்.
மலையேறும் மரப்பெட்டிக்குள்
எங்களோடு ஒரு நாயும் ஏறியது,
சீட்டு வாங்காமல்.
நிபால்டோ நெம்புகோலைத் தள்ள
முனகியது கம்பிவடம்.
தகரச் சுவர்களின் மஞ்சளும் ஊதாவும்
காலுக்குக் கீழே போயின.

உச்சியில் ஒருத்தி
போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள்.
படமெடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன்.
எதை, என்றாள்.
கடலை என்று நான் காட்டிய திசையில்
பதினாலு மாடி வெள்ளையாய்
எங்கள் கப்பல்.
அதன் வாலருகே
நீலம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

எப்போது கிளம்புகிறீர்கள்?
விரல்களில் ஆறு காட்டினேன்.
நல்லது, என்று
வாயிலிருந்த கிளிப்பை எடுத்துக்
கொடியில் மாட்டினாள்.

நாய் அங்கேயே தங்கிவிட்டது.

ஆறேகாலுக்கு மேல்தளத்தில் நின்று
போர்வையைத் தேடினேன்.
எடுத்துவிட்டிருந்தாள்.
அந்த இடத்தில் ஒரு நாற்காலி,
எங்களைப் பார்த்தபடி;
எங்களையில்லை.